பிறக்க முடியாத நாடு

கொடி இருக்கிறது. நாணயம் இருக்கிறது. தபால்தலை இருக்கிறது. நீதிமன்றம், காவற்படை, வானொலி, தனி ரயில் நிலையம் - எல்லாம் இருக்கின்றன. உலகத் தலைநகரங்களிலே அதன் பெயரால் தூதர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் தாய்மார் பிள்ளை பெறுவதற்கென்று ஒரு மருத்துவமனை அந்த நாட்டிலே இல்லை. தப்பித்தவறி அந்த எல்லைக்குள்ளேயே ஒரு குழந்தை பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 'பிறந்த மண் இது, எனவே நான் இந்நாட்டுக் குடிமகன்' என்று அக்குழந்தை வளர்ந்து உரிமை கொண்டாட முடியுமா என்றால், முடியாது! சட்டம் இடந்தராது.

எந்த நாடு அது? வாடிகன்!

44 ஹெக்டேர் - ஏக்கர் கணக்கில் ஏறத்தாழ 109. எல்லைக்கோடு முழுவதும் 3 கிலோமீட்டர் சொச்சம். காலைக் காற்று வாங்கப் போகிறவர் ஒரு மணி நேரத்தில் ஒரு தேசத்தையே வலம் வந்துவிடலாம். பள்ளிக்கூடத்திலே நாம் படித்த பூகோளப் புத்தகத்தில் 'உலகிலேயே சிறிய நாடு' என்று அதற்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருந்தார்கள். வாத்தியாரும் அதைக் கடந்து போய்விட்டார். அந்த ஒரு வரிக்குள்ளே எத்தனை கேள்விகள் அடைபட்டுக் கிடந்தன என்பது பிற்பாடுதான் நமக்குத் தெரிந்தது.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறோம். கத்தோலிக்க அன்பர்களின் வழிபாட்டைக் கேலி பேசுவதற்காக இதை எழுத முற்படவில்லை. கோயிலுக்குள் மண்டியிடுபவரின் மனம் அவருக்குச் சொந்தம். நாம் பார்க்கப் புறப்பட்டிருப்பது கோயிலை அல்ல, அரசை. மதத்தின் பெயரால், மதத்தின் தலைவரையே மன்னராகக் கொண்டு நடக்கின்ற ஓர் அரசு, 'யார் என் மக்கள்?' என்ற கேள்விக்கு என்ன விடை தருகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். இந்த விடை, மதமே நாடு, மதமே தேசியம் என்று உலகின் பல பக்கங்களிலும் முழங்குவோர் காது கொடுத்துக் கேட்க வேண்டிய விடை என்று கருதுகிறோம்.

போப்பாண்டவரின் அரசு என்றும் இப்படிச் சின்னஞ்சிறியதாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே ரோமாபுரியிலிருந்து பொலோனா வரை, நடு இத்தாலியின் குறுக்கே பரந்து கிடந்த அரசு அது. ஏறத்தாழ 30 லட்சம் குடிமக்கள்! உழவர்கள், வணிகர்கள், கைத்தொழிலாளர்கள், பிறந்தவர், இறந்தவர், வரி கட்டியவர், வயிறு காய்ந்தவர் - மக்கள் என்று சொல்லத்தக்க மக்கள் அன்று அங்கே இருந்தார்கள்.

அந்த மக்களை அன்றைய மத அரசு எப்படி நடத்திற்று? ரோமாபுரி யூதர்களை 1555இல் ஒரு சேரிக்குள்ளே தள்ளி மதில் எழுப்பினார் நான்காம் பவுல் என்ற போப்பாண்டவர். தலைமுறை தலைமுறையாக அந்நகரில் வாழ்ந்தவர்கள் அவர்கள். மண்ணின் மைந்தர்கள்தாம், ஆனால் மதம் வேறு! எனவே மதிலுக்குள்ளே! மதில் 1848இல் இடிக்கப்பட்டது; ஆனாலும் அவர்கள்மீதிருந்த கட்டுப்பாடுகள் அடியோடு நீங்கியது, 1870இல் போப்பாண்டவரின் ஆட்சி ரோமாபுரியிலிருந்து நீங்கிய பிறகே.

1858இல் பொலோனாவிலே நடந்ததையும் சொல்ல வேண்டும். எட்கார்டோ மோர்த்தாரா, ஆறு வயது யூதச் சிறுவன். அவன் கைக்குழந்தையாய் நோயுற்றுக் கிடந்தபோது, வீட்டு வேலைக்காரப் பெண் யாரும் அறியாமல் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள் என்பது அதிகாரிகளுக்கு எட்டியது. ஞானஸ்நானம் பெற்றவன் கிறித்தவன். கிறித்தவப் பிள்ளை யூத வீட்டில் வளரலாகாது - இது அன்றைய சட்டம். காவலர் வந்தனர், பிள்ளையைத் தூக்கிச் சென்றனர். பெற்றவர்கள் கதறினர். ஐரோப்பாவும் அமெரிக்காவும் கண்டனக் குரல் எழுப்பின. ஒன்பதாம் பயஸ் அசையவில்லை! பிள்ளை திரும்பவே இல்லை. பாதிரியாராக வளர்ந்து, முதியவராகி, 1940இல் பெல்ஜியத்தில் மறைந்தார் அவர்.

மதம் உரிமையின் அளவுகோலாக இருந்தபோது ஆறு வயதுப் பிள்ளையின் தாய்மடி கூட அரசின் ஆணைக்கு உட்பட்டதாயிற்று. இதை மறந்துவிடாமல் மேலே செல்வோம்.

1870 செப்டம்பர் 20. இத்தாலியப் படை ரோமாபுரி மதிலைப் பிளந்துகொண்டு உள்ளே வந்தது. 30 லட்சம் மக்களின் மன்னராக இருந்த போப்பாண்டவர் தம் மாளிகைக்குள் ஒடுங்கினார். 'நான் வாடிகன் கைதி' என்றார். அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. 59 ஆண்டுகள் இந்தப் பிணக்கு நீடித்தது. கடைசியில் 1929 பிப்ரவரி 11 அன்று லாத்தரன் மாளிகையிலே கையெழுத்தாயிற்று ஓர் ஒப்பந்தம். ஒரு பக்கம் போப்பாண்டவர் சார்பில் கர்தினால் கஸ்பாரி. மறு பக்கம் - பாசிசத் தலைவன் முசோலினி! பழைய இழப்புக்கு ஈடாக 75 கோடி லிரா ரொக்கமும் 100 கோடி லிராவுக்கு அரசாங்கப் பத்திரங்களும் கை மாறின. கருஞ்சட்டைப் படைத்தலைவனுக்கு அதனால் கிடைத்த மதிப்பு எவ்வளவு என்பது தனிக் கதை. பிறந்தது வாடிகன் நகர அரசு. அவ்வாண்டு ஜூன் 7இல் ஒப்பந்தம் நடப்புக்கு வந்தது. அன்றே குடியுரிமைச் சட்டமும் வந்தது.

இப்போது கேளுங்கள் விந்தையை!

மதத்துக்காகவே படைக்கப்பட்ட அரசு. உலகெங்கும் இன்று ஏறத்தாழ 140 கோடிக் கத்தோலிக்கர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அது புனித நகரம். எனவே, 'கத்தோலிக்கனாகப் பிறந்த எவனுக்கும் இங்கே உரிமை உண்டு' என்றல்லவா அச்சட்டம் சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை! ஒரு கத்தோலிக்கர் பரம பக்தராக இருக்கலாம். மூன்று வேளையும் செபமாலை உருட்டலாம். சொத்தையெல்லாம் திருச்சபைக்கே எழுதி வைக்கலாம். வாடிகன் குடியுரிமை கிடைக்காது. பேதுரு கோயிலைப் பார்த்துவிட்டு மாலையில் வெளியே வந்துவிட வேண்டியதுதான்.

பின் யாருக்குத்தான் கிடைக்கும்? 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்திலே 2011 பிப்ரவரி 22இல் பதினாறாம் பெனடிக்ட் புதிய சட்டம் ஒன்றைப் பிறப்பித்தார். வாடிகனிலோ ரோமாபுரியிலோ வசிக்கின்ற கர்தினால்கள்; திருப்பீடத்தின் தூதுவர்கள்; பதவியின் காரணமாக, பணியின் காரணமாக வாடிகனுக்குள்ளேயே குடியிருப்போர் - இவர்கள் குடிமக்கள். அனுமதி பெற்று அங்கே வசிப்போரும், குடிமகனின் மனைவி மக்களும், கேட்டால் பெறலாம். அவ்வளவே. பிறப்பால் இல்லை, குருதியால் இல்லை, மதத்தாலும் இல்லை. வேலையால்!

நம்மவர் ஒருவரை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். தென்னார்க்காட்டுக் கல்லேரியிலே பிறந்து, பெங்களூர் பேராயராக இருந்து, பிறகு ரோமாபுரி சென்று 1985இல் கர்தினாலானவர் சைமன் லூர்துசாமி. 2014இல் அங்கேயே மறைந்தார். ரோமாபுரியில் வசிக்கும் கர்தினால் என்ற வகையிலே அவர் இடம் அந்தச் சட்டத்தின் முதல் பிரிவில். அவருடைய அதே மதத்தைச் சேர்ந்த, அதே கல்லேரியின் அதே கோயிலில் தொழுகின்ற உழவருக்கு? இடமில்லை. மதம் ஒன்றுதான், நம்பிக்கை ஒன்றுதான், பதவி வேறு.

எண்ணிக்கையைப் பாருங்கள். 2011 மார்ச் 1 அன்று வாடிகன் குடிமக்கள் மொத்தம் 572 பேர். ஒரு சிற்றூரின் வாக்காளர் பட்டியல் கூட இதைவிட நீளம்! அந்த 572 பேரிலும் 352 பேர் வாடிகனில் வசிக்கவில்லை; பெரும்பாலோர் தூதர்களாக அயல்நாடுகளில் இருந்தனர். உள்ளே வசித்தவர்கள் 800க்கும் மேல். அவர்களில் குடிமக்கள் 220 பேரே. குடிமக்களில் பெரும்பாலோர் நாட்டில் இல்லை. நாட்டில் இருப்போரில் பெரும்பாலோர் குடிமக்கள் இல்லை!

மதமே தேசத்தின் அடித்தளம் என்று பேசுவோரை நாம் கேட்கிறோம்: போப்பாண்டவரை மன்னராகக் கொண்ட அரசே தன் மதத்தவரைத் தன் மக்களாக ஏற்கவில்லையே, ஏன்? 140 கோடிப் பேரை ஏற்றால் அந்த 109 ஏக்கர் தாங்காது என்பீர்கள். உண்மை. ஆனால் அது மட்டுமா? பக்தி வேறு, ஆட்சிக்கு உட்பட்டு ஓரிடத்திலே வாழ்வது வேறு என்பதை 30 லட்சம் மக்களை ஆண்டு, இழந்து, பட்டறிந்தவர்கள் அவர்கள். மோர்த்தாரா வீட்டுக் கதறலை உலகம் மறக்கவில்லை என்பதும் அவர்கள் அறியாததல்ல.

சரி, மதத்தை அளவுகோலாக வைக்கவில்லை, வேலையை வைத்தார்கள். அதனால் எல்லாம் சீராகிவிட்டதா? அங்கேதான் நமக்கு நெருடுகிறது.

வேலை போனால் உரிமை போகும்! குடியிருக்கும் அனுமதி போனால் குடியுரிமை போகும்! சுவிஸ் காவற்படை வீரனைப் பாருங்கள். 1506 முதல் போப்பாண்டவரைக் காக்கும் படை அது. 1527இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபோது 189 வீரரில் 147 பேர் போப்பாண்டவரைக் காத்து மாண்டனர். அந்த நாளை நினைவுகூர்ந்து இன்றும் மே 6ஆம் தேதி புதிய வீரர்கள் உறுதிமொழி எடுக்கின்றனர். 19 முதல் 30 வயதுக்குள், கத்தோலிக்கனாக, சுவிஸ் நாட்டவனாக இருக்க வேண்டும்; குறைந்தது 26 மாதப் பணி. பணியில் இருக்கும்வரை வாடிகன் குடிமகன். பணி முடிந்து பெட்டியைக் கட்டினால் குடியுரிமையும் சீருடையோடு திரும்பப் பெறப்படுகிறது. அவனுக்குக் கவலையில்லை, சுவிஸ் குடியுரிமை ஊரில் காத்திருக்கிறது.

மனைவி மக்களின் நிலை? கணவனின் வேலையிலே தொங்குகிறது அவர்கள் உரிமை. 1929ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மகனுக்கு 25 வயது நிறைந்தால், உழைக்க இயலாதவனாக இருந்தாலன்றி, உரிமை முடிந்தது. மகளுக்குத் திருமணம் ஆனால் முடிந்தது! தாலி கட்டிய பெண் தாய்வீட்டுக்கு விருந்தாளி என்று நம் கிழவிகள் சொல்வார்கள். அதை ஓர் அரசு சட்டப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருந்தது.

2012இல் உலகமே கூர்ந்து கவனித்த வழக்கு ஒன்று. போப்பாண்டவரின் அந்தரங்கப் பணியாள், அரண்மனைக் கடிதங்களை வெளியே கொடுத்தார் என்று மே மாதம் கைதானார். வாடிகன் குடிமகன், மனைவியோடும் மூன்று குழந்தைகளோடும் உள்ளேயே வசித்தவர். வாடிகன் நீதிமன்றம் 18 மாதச் சிறை விதித்தது. டிசம்பரில் போப்பாண்டவரே சிறைக்குச் சென்று பார்த்து மன்னித்தார். அருமையான செயல், மறுப்போமா? ஆனால் மன்னிப்போடு சேர்ந்தே வந்தது அறிவிப்பு: பழைய வேலை இல்லை, வாடிகனுக்குள் இனி வாசமும் இல்லை, வேறிடத்தில் வேலைக்கும் வீட்டுக்கும் உதவி செய்யப்படும். குற்றம் தந்தையுடையது, அதற்கு மன்னிப்பும் கிடைத்துவிட்டது. ஆயினும் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்கள் அந்தக் குழந்தைகளுந்தான்! வேறு எந்த நாட்டிலாவது, வேலை போன தந்தையின் பிள்ளைகளைப் பார்த்து 'நாட்டை விட்டுக் கிளம்புங்கள்' என்று சொல்வார்களா?

இன்னொன்று, நினைத்தாலே நெஞ்சு கனக்கும். 1983 ஜூன் 22. வாடிகன் ஊழியர் ஒருவரின் மகள், 15 வயது, வாடிகன் குடிமகள். இசை வகுப்புக்கென ரோமாபுரிக்குச் சென்றவள் திரும்பவில்லை. இன்றுவரை என்ன ஆனாள் என்று தெரியவில்லை. வாடிகனின் சொந்த வழக்கு விசாரணை தொடங்கியது 2023இல் - 40 ஆண்டுகள் கழித்து! இத்தாலிய நாடாளுமன்றமும் அதே ஆண்டில் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. காரணம் எது, குற்றவாளி யார் என்று ஊகம் கட்ட நாம் தயாராயில்லை; அதற்குப் பேர்போன ஆட்கள் வேறு பலர் உண்டு. நாம் கவனிப்பது வேறு. ஐந்நூறு, அறுநூறு குடிமக்களே உள்ள நாட்டில் ஒரு சிறுமி காணாமற் போனால், அங்கே அவளுக்காக எழுந்து கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி என்று ஒருவர் இல்லை. தேர்தல் இருந்தாலல்லவா பிரதிநிதி! அவள் குடும்பம் நாற்பதாண்டு தெருவில் நின்று கேட்டது. கேட்டது ரோமாபுரித் தெருவில்.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருபக்கச் சார்பாய் எழுதுவது நமக்கு அழகல்ல. லாத்தரன் ஒப்பந்தத்தின் 9ஆம் பிரிவு மிகச் சிறந்த ஏற்பாடு. வாடிகன் குடியுரிமையை இழந்தவருக்கு வேறு எந்நாட்டுக் குடியுரிமையும் இல்லையென்றால், அவர் வேறெந்தச் சடங்குமின்றி இத்தாலியக் குடிமகனாகக் கருதப்படுவார். நாடற்றவர் என்ற கொடுமை ஒருவருக்கும் நேராது. இதை எழுதியவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் அந்தப் பொறுப்பைச் சுமப்பது யார்? இத்தாலி! தபால்தலையும் கொடியும் வாடிகனுடையவை. கைவிடப்பட்டவனைக் கையேற்கும் கடமை அண்டை நாட்டினுடையது. பேதுரு சதுக்கம் வாடிகன் மண். ஆனால் அங்கே அன்றாடக் காவல் இத்தாலியப் போலீசுடையது. 1981 மே 13இல் அதே சதுக்கத்தில் இரண்டாம் ஜான்பாலைச் சுட்டவனை விசாரித்து ஆயுள் தண்டனை கொடுத்ததும் இத்தாலிய நீதிமன்றமே. சுற்றிலும் ஒரு முழு நாடு தாங்கிப் பிடிப்பதால்தான் இந்தச் சின்ன வீட்டின் சட்டம் யாரையும் நசுக்காமல் ஓடுகிறது. இதே சட்டத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பெரிய நாடு நடக்கத் தொடங்கினால்? எண்ணவே அஞ்சுகிறோம்.

அடைக்கலமும் தந்திருக்கிறது அந்த மதில். முசோலினியின் சிறையிலிருந்து வந்த ஆல்சிதே தெ கஸ்பரிக்கு 1929இல் வாடிகன் நூலகத்தில் வேலை கொடுத்தார்கள். அவர்தாம் 1945இல் இத்தாலியின் பிரதமரானார். 1940இல் இத்தாலி போரில் குதித்தபோது, நேச நாடுகளின் தூதர்கள் ரோமாபுரியில் இருக்க முடியாமல் வாடிகனுக்குள்ளேயே குடியேறினர். நாஜிப் படை ரோமாபுரியைப் பிடித்திருந்த நாட்களில் ஹியூ ஒஃப்லாகர்ட்டி என்ற அயர்லாந்துப் பாதிரியார் உள்ளே இருந்துகொண்டே, தப்பி வந்த போர்க்கைதிகளையும் யூதர்களையும் நகரெங்கும் ஒளித்துவைத்துக் காத்தார். அந்த மனிதருக்கு நம் வணக்கம். முன்பு யூதர்களை அடைத்த அதே ஊரிலே இது நடந்தது என்பதையும் குறித்துக்கொள்கிறோம்.

உழைப்போர் கதைக்கு வருவோம். காலையில் ஆன்னம்மாள் வாயில் வழியாக உள்ளே போகிறவர்கள் ஆயிரக்கணக்கானோர். எழுத்தர், துப்புரவாளர், அருங்காட்சியகக் காவலர், அச்சுத் தொழிலாளி. மாலையில் வெளியே வந்து ரோமாபுரியின் வாடகை வீடுகளுக்குத் திரும்புகிறார்கள். நாட்டை நடத்துவது அவர்கள் கை, நாடு அவர்களுடையதல்ல. 2024இல் அருங்காட்சியக ஊழியர் 49 பேர் துணிந்து சேர்ந்து, தங்கள் பணிநிலை பற்றி முறையீடு கொடுத்தபோது உலகப் பத்திரிகைகள் வியந்தன. தொழிலாளி முறையிடுவது செய்தியா? அங்கே செய்திதான்!

பெண்கள்? 2011 முடிவில் குடிமக்கள் 594 பேர். கர்தினால்கள் 71, தூதுப் பணியிலுள்ள குருமார் 307, பிற குருமார் 51, சுவிஸ் வீரர் 109, பிற பொதுநிலையினர் 55. கன்னிகாஸ்திரீ? ஒருவர்! ஒரே ஒருவர்! உலகெங்கும் பள்ளி நடத்தி, நோயாளியின் புண் கழுவி, திருச்சபையின் பேரைக் காத்து நிற்கும் லட்சக்கணக்கான கன்னியரில் ஒரே ஒருவர். காலம் மாறுகிறது, 2025 மார்ச் 1 முதல் ரபேல்லா பெத்ரீனி என்ற கன்னிகாஸ்திரீ அந்நகர அரசின் நிர்வாகத் தலைவர். ஒரு பெண் அந்நாற்காலியில் அமர்வது இதுவே முதல் தடவை. மகிழ்கிறோம். அவரை அமர்த்தியது போப்பாண்டவரின் ஆணை. மக்கள் வாக்கு அல்ல. 2023இல் வந்த புதிய அடிப்படைச் சட்டமும் சட்டமியற்றல், நிர்வாகம், நீதி மூன்றும் போப்பாண்டவரிடமே நிறைந்திருப்பதாகத்தான் சொல்கிறது.

வாக்கே இல்லையா அந்த நாட்டில்? இருக்கிறது. மன்னரையே வாக்குப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் யார் போடுகிறார்கள்? 2025 ஏப்ரல் 21இல் பிரான்சிஸ் மறைந்தார். மே 7இல் 80 வயதுக்குட்பட்ட கர்தினால்கள் 133 பேர் சிஸ்டைன் கோயிலுக்குள் சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் தத்தம் நாட்டிலே மறைமாவட்டம் நடத்துகிறவர்கள், ரோமாபுரியில் வசிக்காதவர்கள், எனவே வாடிகன் குடிமக்கள் அல்லர். மறுநாளே தேர்ந்தெடுத்துவிட்டார்கள் - சிகாகோவில் பிறந்து, 2015இல் பெரு நாட்டுக் குடியுரிமையும் பெற்ற பதினான்காம் லியோவை. நாட்டின் தலைவரை அயல்நாட்டுக் குடிமக்கள் பெருவாரியாகக் கூடித் தேர்ந்தெடுத்தனர். உள்ளே நுழைய ஒரு குடிமகளுக்கும் வழியில்லை. வாடிகன் குடியுரிமை பெற்ற சுவிஸ் வீரன், ஈட்டியைப் பிடித்தபடி, சாத்திய கதவுக்கு வெளியே காவல் நின்றுகொண்டிருந்தான்.